ஜெர்மனியில் ஓராண்டுத் தொண்டு: விசாவுக்கு முன் கேட்க வேண்டியது வீட்டு முகவரி

தஞ்சாவூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வயது 22, பி.எஸ்சி. முடித்தவர், ஜெர்மன் மொழியில் பி1 எனப்படும் இடைநிலைத் தேர்வு தேறியவர். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஓராண்டு தன்னார்வத் தொண்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் சேர வேண்டும். விசாவுக்கு என்ன காகிதங்கள் வேண்டும், கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும், இடைத்தரகர் கேட்கும் இரண்டு லட்சத்தைக் கொடுக்கலாமா, முதியவர்களைக் குளிப்பாட்டும் வேலை தன்னால் முடியுமா, பிறகு அங்கேயே நர்சிங் படிக்கலாமா, பெட்டியில் என்ன எடுத்துப்போவது என்பவை அவருடைய கேள்விகள். அம்மா பயப்படுகிறார் என்றும் எழுதியிருக்கிறார்.

நான் நாகர்கோவில்காரி. 2016 செப்டம்பரில் இதே போன்ற தொண்டுக்காக வெஸ்ட்ஃபாலன் பகுதியின் ஒரு சிறிய ஊருக்கு வந்தேன். பிறகு முதியோர் பராமரிப்பில் மூன்றாண்டுப் பயிற்சி முடித்து இங்கேயே வேலை செய்கிறேன். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எங்கள் இல்லத்துக்கு வரும் புதிய தொண்டர்களுக்கு வேலை பழக்குவதும் என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தங்கை. உங்கள் கேள்விகளில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. எங்கே தங்கப்போகிறீர்கள் என்பது அதில் இல்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன். ஜெர்மனியில் நீங்கள் சந்திக்கும் ஒவ்வோர் அலுவலகமும் கடைசியில் உங்கள் வீட்டு முகவரியில்தான் வந்து நிற்கும்.

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு, இன்னார் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். 2015 நவம்பரிலிருந்து இது சட்டப்படி கட்டாயம். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிவு முடிந்த பிறகுதான் பதினொரு இலக்க வரி எண் தபாலில் வரும். வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீட்டு அட்டை, வெளிநாட்டவர் அலுவலகம் தரும் வசிப்பு அனுமதி எல்லாமே அந்தப் பதிவுச் சீட்டைத்தான் கேட்கும். முதல் கண்ணி இறுகாவிட்டால் மற்றவை தொங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே டிக்கெட் போடும் முன் உங்கள் இல்லத்துக்கு மின்னஞ்சலில் இரண்டு கேள்விகள் அனுப்புங்கள். எனக்கு அறை தருகிறீர்களா? வீட்டுக்காரர் படிவத்தை முதல் வாரத்திலேயே தருவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்று எழுத்தில் வரட்டும். 'வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் விடாமல் மறுபடி கேளுங்கள். இங்கே திரும்பக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தொண்டர்களுக்கு அறை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பல இல்லங்கள் தருகின்றன, சில தருவதில்லை. பெரிய நகரத்தில் அறையில்லாத இடம் கிடைத்தால், தொண்டுக்காக மாதாமாதம் தரும் கைச்செலவுப் பணத்தில் வாடகை கொடுத்து வாழ முடியாது. சிறிய ஊரில் அறையோடு வரும் இடத்தையே நான் பரிந்துரைப்பேன். ம்யூனிக் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் விடுமுறையில் ரயிலில் போய் வரலாம்.

நீங்களே அறை பார்க்க நேர்ந்தால் வாடகையில் இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 'கால்ட்' என்றால் அறைக்கு மட்டும். 'வார்ம்' என்றால் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பைக் கட்டணமும் சேர்ந்தது. மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் வராது. முன்பணம் கால்ட் வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் போகக் கூடாது, அதையும் மூன்று தவணையாகச் செலுத்தலாம். இது சட்டம் தரும் உரிமை. சாவியைக் கையில் வாங்கும் முன் ஊரிலிருந்தபடியே முன்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அப்படிப் பணத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உங்கள் பெயர். தமிழர்களை இது பாடாய்ப் படுத்துகிறது, ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜெர்மன் காகிதங்களில் தன் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கோ இனிஷியலும் பெயரும்தான். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. என் பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து கிடந்தன. தொண்டு ஒப்பந்தத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதினார்கள். நகராட்சியில் இரண்டு பெயரையும் சேர்த்துக் குடும்பப் பெயராக ஏற்றினார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் என் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. மூன்று அலுவலகங்களில் நான் மூன்று பேராக இருந்தேன்.

இதன் விளைவு தபாலில்தான் முதலில் தெரிந்தது. இங்கே முகவரியில் தெருவும் கட்டட எண்ணும் இருக்கும், குடியிருப்புக்கென்று தனி எண் எழுதும் வழக்கம் பொதுவாக இல்லை. தபால்காரர் கீழ்த்தளத்துப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துக் கடிதம் போடுவார், பெயர் இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். காப்பீட்டு அட்டையும் வங்கி அட்டையின் ரகசிய எண்ணும் எனக்கு அப்படித் திரும்பிப் போயின. இரண்டு மாதம் அட்டையில்லாமல் அலைந்தேன். ஒருவர்கூட இதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற ஆற்றாமை இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கடவுச்சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் கடவுச்சீட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். தொண்டு ஒப்பந்தம், மொழிச் சான்றிதழ், விமான டிக்கெட் எல்லாம் அந்த வடிவத்திலேயே இருக்கட்டும். இறங்கிய அன்றே ஒரு சிறு தாளில் அந்தக் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். அப்பா பெயரால் உங்களை அழைப்பார்கள். முதலில் திடுக்கிடும், பிறகு பழகிவிடும். எனக்கு இப்போது அது பிடித்தும் இருக்கிறது.

இனி இடைத்தரகர். இரண்டு லட்சம் கொடுக்காதீர்கள். உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது, பி1 சான்றிதழும் கையில் இருக்கிறது. அவர் இதற்கு மேல் என்ன செய்துவிடப்போகிறார்? இந்தத் தொண்டு ஏற்பாடுகள் ஜெர்மன் சட்டத்தின் கீழ் நடப்பவை. எஃப்.எஸ்.ஜே. எனப்படும் சமூகத் தொண்டு ஆண்டுக்கு 1964 முதல் சட்டம் இருக்கிறது. 27 வயது நிறையாதவர்களுக்கானது அது. பி.எஃப்.டி. எனப்படும் கூட்டாட்சித் தொண்டு, கட்டாய ராணுவச் சேவை நிறுத்திவைக்கப்பட்ட 2011இல் ஜூலை முதல் தேதி தொடங்கியது. அதற்கு வயது வரம்பு இல்லை. வெளிநாட்டுக்கு வேலைக்கு அனுப்பும் பதிவுபெற்ற முகவர்களே இந்திய விதிகளின்படி 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது. தொண்டுக்குப் போகும் ஒரு பெண்ணிடம் இரண்டு லட்சம் கேட்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வந்திருக்கும் இடம் உண்மையானதா என்று நீங்களே சோதித்துவிடலாம். பி.எஃப்.டி. ஒப்பந்தமானால், அந்தத் தொண்டைக் கவனிக்கும், கொலோனில் இருக்கும் கூட்டாட்சி அரசு அலுவலகம் அதில் ஒரு தரப்பாக இருக்கும். எஃப்.எஸ்.ஜே. ஆனால், தொண்டை ஏற்பாடு செய்யும் ஒரு பொறுப்பு அமைப்பின் கையொப்பம் இருக்கும். காரித்தாஸ், டியாகொனி ஆகிய தேவாலயத் தொண்டு அமைப்புகள், ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை அப்படிப்பட்டவை. முதியோர் இல்லத்தின் இணையதளத்தை நீங்களாகத் தேடி, அதில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, நான் செப்டம்பரில் வரும் தொண்டர் என்று ஜெர்மனில் சொல்லுங்கள். இடைத்தரகர் தந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சு உங்கள் பி1க்கும் நல்ல பயிற்சி. வார இறுதியில் வேறு வேலை செய்து சம்பாதிக்கலாம் என்று அவர் ஆசை காட்டியிருந்தால் அதையும் நம்பாதீர்கள். முழுநேரத் தொண்டுக்கு மேல் பக்க வேலை செய்ய இல்லத்தின் ஒப்புதலும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்.

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். கைச்செலவுப் பணத்துக்குச் சட்டம் உச்சவரம்பு மட்டுமே வைத்திருக்கிறது. 2025இல் அது மாதம் 644 யூரோ. குறைந்தபட்சம் இவ்வளவு என்று எதுவும் இல்லை, பெரும்பாலான இடங்களில் உச்சவரம்புக்குக் கீழேதான் தருவார்கள். ஆனால் மருத்துவம், ஓய்வூதியம், விபத்து ஆகியவற்றுக்கான சமூகக் காப்பீட்டுத் தொகை முழுவதையும் அவர்களே கட்ட வேண்டும், உங்கள் பணத்திலிருந்து பிடிக்கக் கூடாது. 27 வயதுக்குக் கீழ் இருப்பதால் ஓராண்டில் 25 நாள் கருத்தரங்கு உண்டு, அந்த நாட்கள் வேலை நாட்களாகவே கணக்கில் வரும். முடிவில் நீங்கள் செய்த பணியை விவரிக்கும் சான்றிதழ் கேட்டுப் பெறும் உரிமையும் இருக்கிறது. அறை, உணவு, பணம் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால்தான் உங்கள் வாழ்வாதாரம் உறுதி என்று விசா அதிகாரி நம்புவார்.

நீங்கள் வாங்க வேண்டியது நீண்ட காலம் தங்குவதற்கான 'நாட்டு விசா', அதாவது டி வகை விசா. கட்டணம் 75 யூரோ, ரூபாயில் வாங்குவார்கள். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், மொழிச் சான்று, தங்குமிடச் சான்று, காப்பீடு, ஏன் போகிறீர்கள் என்ற கடிதம் ஆகியவற்றைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். அந்தக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். இணையத்தில் சுற்றும் மாதிரிக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குக் கண் பழகியிருக்கும். சென்னை நுங்கம்பாக்கத்தில் கோத்தே நிறுவனத்தில் படித்தவர் என்றால், உங்கள் ஆசிரியரிடம் காட்டி இலக்கணத்தை மட்டும் திருத்தி வாங்குங்கள். உள்ளே இருப்பது உங்கள் வார்த்தைகளாக இருக்கட்டும். பாட்டியைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இருந்தால் அதை எழுதுங்கள். சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், அந்த முத்திரையை விசா பட்டியலோ உங்கள் இல்லமோ கேட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

விசா பெரும்பாலும் சில மாதங்களுக்கே ஒட்டப்படும், மீதிக் காலத்துக்கு இங்கே வசிப்பு அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைப்பது சில ஊர்களில் பெரும்பாடு. முகவரிப் பதிவு முடிந்த வாரமே விண்ணப்பத்தை அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். விசா முடியும் முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை நீங்கள் சட்டப்படி இருப்பவர்தான். அதற்கு ஓர் இடைக்காலச் சான்றும் தருவார்கள்.

உடல்நலக் காகிதங்களை ஊரிலேயே முடித்துவிடுங்கள். மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றில் வேலை செய்யும், 1970க்குப் பிறகு பிறந்த எவரும் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும் என்று 2020 மார்ச் முதல் சட்டம் இருக்கிறது. உங்கள் இடம் முதியோர் இல்லமாக இருந்தாலும் கைவசம் வைத்திருப்பது நல்லது. நம் வீடுகளில் குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை பெரும்பாலும் தொலைந்திருக்கும். அப்படியானால் மருத்துவரிடம் கேட்டு மறுபடி போட்டு, தேதியும் கையொப்பமும் வாங்கிவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசியும் அப்படித்தான். அது முழுமையாக முடிய மாதங்கள் ஆகும் என்பதால் இப்போதே தொடங்க வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் கடவுச்சீட்டு அலுவலகம் வழியாக வாங்கி வையுங்கள். பல்லில் சொத்தை இருந்தால் அடைத்துக்கொண்டு வாருங்கள். கண்ணாடி போடுபவரானால் இரண்டாகச் செய்துகொண்டு வாருங்கள், இங்கே பெரியவர்களின் கண்ணாடிக்குக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைச்செலவுப் பணம் பல இடங்களில் மாதக் கடைசியில்தான் வரும், அதுவும் வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான். ஆகவே முதல் ஆறு வாரங்களைத் தாக்குப்பிடிக்க 800 முதல் 1,000 யூரோ வரை கொண்டுவாருங்கள். ஒரு பகுதி ரொக்கமாக, மீதி வெளிநாட்டில் செல்லும் அட்டையில் இருக்கட்டும். முறையாக வசிக்கும் எவருக்கும் அடிப்படை வங்கிக் கணக்கு தர வேண்டும் என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது, ஒரு கிளையில் மறுத்தால் அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். கைபேசிக்கு ப்ரீபெய்டு சிம் போதும், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும் டாய்ச்லாண்ட்டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025இல் 58, 2026இல் 63 என்று ஏறியிருக்கிறது. தொண்டர்களுக்கு மலிவுச் சீட்டு உண்டா என்று உங்கள் இல்லத்தில் கேளுங்கள். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் (பொது வானொலி, தொலைக்காட்சிக்கானது) கேட்டு ஒரு கடிதம் வரும். அது மோசடிக் கடிதம் என்று கிழித்துப் போட்டவர்கள் உண்டு. உண்மையான கட்டணம்தான் அது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், கூட இருப்பவர் கட்டினால் அவருடைய எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

ஒரு காப்பீட்டை மட்டும் சொந்தச் செலவில் எடுத்தாக வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். பிறருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்தை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு அது. மாதத்துக்குச் சில யூரோக்கள்தான். எடுக்கும்போது வேலையிடத்துச் சாவி தொலைந்தாலும் ஈடு கிடைக்குமா என்று கேட்டு எடுங்கள். ஒரே சாவிக் கட்டமைப்பில் இருக்கும் கட்டடத்தில் ஒரு சாவி போனால் எல்லாப் பூட்டுகளையும் மாற்ற நேரும், அந்தச் செலவு உங்கள் ஓராண்டுப் பணத்தையே விழுங்கிவிடும்.

வேலையைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். காலைப் பணி ஆறரை மணியை ஒட்டித் தொடங்கும். எழுப்புவது, முகம் கழுவ உதவுவது, உடை மாற்றுவது, காலை உணவுக்கு மேசைக்கு அழைத்துவருவது, சக்கர நாற்காலி தள்ளுவது, பேசிக்கொண்டிருப்பது எல்லாம் உண்டு. உடலைத் துடைப்பதும் உண்டு, மலஜலம் சுத்தம் செய்வதும் உண்டு. இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. முதல் வாரங்களில் தேர்ந்த பணியாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆண்களைக் குளிப்பாட்டத் தயக்கம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பெரும்பாலான இல்லங்கள் ஏற்றுக்கொள்ளும். ஊசி போடுவதும் மருந்து பிரித்துத் தருவதும் தொண்டரின் வேலை இல்லை. சம்பளப் பணியாளரின் இடத்தைத் தொண்டரை வைத்து நிரப்பக் கூடாது என்பது இந்தத் திட்டத்தின் அடிப்படை விதி. ஆள் இல்லை, இன்று இரவு நீ மட்டும் பார்த்துக்கொள் என்று யாராவது சொன்னால் மறுக்கலாம், மறுக்கத்தான் வேண்டும். தனியாக யாரையும் தூக்காதீர்கள், தூக்கு கருவி இருக்கிறது. 22 வயதில் முதுகைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு பையனை நினைத்தால் இன்றும் மனம் கலங்குகிறது.

நம் ஊரில் வயதானவர்களைப் பாட்டி, தாத்தா என்போம். இங்கே அப்படிக் கூப்பிட்டால் பலருக்கு மனம் நோகும். குடும்பப் பெயருக்கு முன் ஃபிராவ் (திருமதி), ஹெர் (திரு) சேர்த்து, 'ஸீ' என்று மரியாதையாகப் பேசுங்கள். நம் 'நீங்கள்' போன்றதுதான் அது. அவர்களாக 'டு', அதாவது 'நீ', சொல்லச் சொல்லும்வரை அதில் நில்லுங்கள். இன்னொன்று நம் தலையாட்டல். சரி என்பதற்கு நாம் தலையை இருபுறமும் அசைப்பதை இங்கே இல்லை என்றோ தெரியாது என்றோதான் எடுத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்து 'யா' என்று சொல்லுங்கள். அதைவிட முக்கியம், புரியாமல் 'யா' சொல்லாதீர்கள். மரியாதைக்காக ஆமாம் போடும் பழக்கம் நமக்கு உண்டு. யாருக்குத் திட உணவு கூடாது என்பது புரியாமல் ஆமாம் சொன்னால் ஓர் உயிருக்கே ஆபத்து. மறுபடி சொல்லுங்கள் என்று பத்து முறை கேட்பவரைத்தான் நான் நல்ல தொண்டர் என்பேன். பி1 தேர்வில் கேட்ட ஜெர்மன் வேறு, தொண்ணூறு வயதில் பல்செட்டைக் கழற்றிவிட்டு ஊர் வழக்கில் பேசும் ஜெர்மன் வேறு. இரண்டு மாதம் ஒன்றும் புரியாது. மூன்றாம் மாதம் காது திறக்கும்.

மரணமும் வரும். என் முதல் நவம்பரில், நான் தினமும் தலை வாரிவிட்ட ஓர் அம்மா இறந்தார். மூத்த பணியாளர் உள்ளே வந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டார். உயிர் வெளியே போக வழிவிடும் பழைய வழக்கம் என்றார். கதவருகே மெழுகுத்திரியும் அவருடைய படமும் வைத்தார்கள். நான் அழுதேன், யாரும் தடுக்கவில்லை. அன்று மாலை என் பொறுப்பு அமைப்பின் வழிகாட்டியை அழைத்துப் பேசினேன். ஒவ்வொரு தொண்டருக்கும் அப்படி ஒருவர் இருப்பார். அவருடைய எண்ணை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

அந்த வழிகாட்டி இன்னொன்றுக்கும் தேவைப்படலாம். உங்கள் நிறத்தைப் பார்த்துத் தகாத வார்த்தை சொல்பவர் இருக்கலாம். மறதி நோய் முற்றிய முதியவர் சொன்னால் பணியாளர்களிடம் சொல்லுங்கள், அந்த அறைக்கு வேறொருவரை அனுப்புவார்கள். உடன் வேலை செய்பவர் சொன்னால் தேதி போட்டு எழுதி வைத்து வழிகாட்டியிடம் கொடுங்கள். விசா போய்விடுமோ என்று வாய்மூடிப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். இல்லம் ஒத்துவராவிட்டால் இடத்தை மாற்ற வழி உண்டு, ஆனால் அனுமதி இந்தத் தொண்டோடு கட்டப்பட்டிருப்பதால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டுத்தான் மாற வேண்டும். பி.எஃப்.டி.யில் முதல் ஆறு வாரம் சோதனைக் காலம். இடம் சரியில்லை என்றால் அந்த நாட்களிலேயே பேசிவிடுவது எளிது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: மருத்துவ அவசரத்துக்கும் தீயணைப்புக்கும் 112, காவல்துறைக்கு 110, இரவில் அவசரமில்லாத மருத்துவருக்கு 116117. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான இலவச எண் 116016, இரவும் பகலும் பல மொழிகளில் பேசுவார்கள். கோடையில் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்போம், அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை மாற்றியதும் நாலரை மணி நேரமாகும். மாலைப் பணி முடிந்து நீங்கள் அழைக்கும்போது அம்மா தூங்கியிருப்பார். ஒரு நிரந்தர நேரத்தை இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொண்டால் வீண் பதற்றம் இருக்காது.

உண்மையில் கடினமானது நவம்பர் முதல் பிப்ரவரி வரையான இருட்டு. காலை இருட்டில் வேலைக்குப் போய் மாலை இருட்டில் திரும்பும் நாட்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தெருவில் சத்தமே இருக்காது. என்னுடன் வந்தவர்களில் திரும்பிப் போனவர்கள் இருவர். இருவரும் போனது டிசம்பரில்தான். வேலை அவர்களைத் துரத்தவில்லை, அறைக்குள் தனியே உட்கார்ந்திருந்ததுதான் துரத்தியது. ஊர்ப் பாடகர் குழு, விளையாட்டுச் சங்கம், தேவாலயம், நூலகம் என்று ஏதாவது ஒன்றில் அக்டோபருக்குள் சேர்ந்துவிடுங்கள். பெரிய ஊர்களில் ஈழத் தமிழர் கடைகள் இருக்கின்றன. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் போருக்குத் தப்பி வந்தவர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நம் பாடு சிறிது. அவர்கள் எழுப்பிய ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடையின் தொடக்கத்தில் அங்கே தேர் இழுக்கிறார்கள். நான் முதல்முறை போனபோது முன்பின் தெரியாத ஓர் அக்கா என் தட்டில் சோறு போட்டுவிட்டு, எந்த ஊர் பிள்ளை என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டே ஒன்பது மாதம் ஆகியிருந்தது எனக்கு.

நர்சிங் பற்றி. உங்கள் பி.எஸ்சி. எந்தப் பாடம் என்று எழுதவில்லை. நர்சிங்காக இருந்தால் இந்தத் தொண்டு ஆண்டே தேவையில்லை. பி2 வரை மொழி படித்து, பட்டத்தை அங்கீகரிக்கும் வழியில் நேரே செவிலியராக வருவதற்கு முயலுங்கள். வேறு பாடமானால் தொண்டு நல்ல வாசல்தான். 2020 முதல் முதியோர், நோயாளி, குழந்தை ஆகிய மூன்று பராமரிப்புகளும் ஒரே மூன்றாண்டுப் பயிற்சியாக இணைக்கப்பட்டுவிட்டன. பொதுத்துறை ஊதிய ஒப்பந்தம் செல்லும் இடங்களில் முதலாண்டிலேயே பிடித்தம் போகும் முன் மாதம் 1,300 யூரோவுக்கு மேல் கிடைக்கும். ஜனவரியில் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு கையில் இருக்கட்டும். புதிய அனுமதிக்கான விண்ணப்பம், தொண்டுக்கான அனுமதி முடியும் முன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் மார்ச் மாதம் வரை வேலை செய்து பார்த்துவிட்டு, இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் அந்த ஆண்டு வீணாகாது.

கடைசியாகப் பெட்டி. குளிர்கோட்டைச் சென்னையில் வாங்காதீர்கள். இங்கே செஞ்சிலுவைச் சங்கத்தின் துணிக்கடைகளில் நல்ல பழைய கோட்டு மலிவாகக் கிடைக்கும். பால், இறைச்சி சேர்ந்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்திலேயே போய்விடும். தாவர நலச் சான்று இல்லாமல் பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் வரக் கூடாது, தேங்காய், வாழைப்பழம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, காயவைத்த கறிவேப்பிலைப் பொடி எடுத்து வாருங்கள். தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். பிரஷர் குக்கர் அவசியம், மூன்று லிட்டர் போதும். அலுமினியக் குக்கர் இங்குள்ள இண்டக்‌ஷன் அடுப்புகளில் வேலை செய்யாது. எவர்சில்வரில், அடி தட்டையாக, இண்டக்‌ஷனுக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே அதே அளவில் இரண்டு கேஸ்கட். நம் ஊர்க் குக்கருக்கு இங்கே கேஸ்கட் கிடைக்காது.